எத்தனை தடவை? எஷ்டு ஸல?

மைசூரின் வடமேற்குப் பக்கத்தில் விஜயநகர் இருக்கிறது. பெரிய பகுதி. 1ஆம் ஸ்டேஜ், 2ஆம் ஸ்டேஜ் என்று 4ஆம் ஸ்டேஜ் வரை பிரித்திருக்கிறார்கள். இங்கே கன்னடம் பேசுகிறவர்கள் அதிகம். தமிழ் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். கட்டட வேலைக்கு வந்தவர்கள் உண்டு. வீட்டு வேலைக்கு வந்தவர்கள் உண்டு. கடை வைத்தவர்களும் உண்டு.

சேலம் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் புதிது. பேச்சும் புதிது. காலையில் எழுந்து குழாயைத் திறக்கிறார். தண்ணீர் வரவில்லை. பக்கத்து வீட்டு அஜ்ஜியிடம் போகிறார். கன்னடத்தில் அஜ்ஜி என்றால் பாட்டி.

"அஜ்ஜி, நீரு யாவாக பருத்தெ?"

"தினா பரல்லம்மா. தின பிட்டு தின பருத்தெ."

யாவாக என்றால் எப்போது. பருத்தெ என்றால் வரும். பரல்ல என்றால் வராது. அஜ்ஜி சொன்னது இதுதான்: "தினமும் வராதம்மா. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும்."

அஜ்ஜியின் பேச்சை மறுபடியும் படியுங்கள். தின பிட்டு தின. நாள் விட்டு நாள். தமிழில் சொல்வது போலவே இருக்கிறது அல்லவா? தமிழும் கன்னடமும் ஒரே குடும்பத்து மொழிகள். அக்கா தங்கை போல. ஆகவே புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான். ஒலி எங்கே மாறுகிறது என்று தெரிந்தால் போதும்.

தமிழில் 'வ' என்று தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் 'ப' என்று தொடங்கும். வா என்பது பா. விட்டு என்பது பிட்டு. வரும் என்பது பருத்தெ. இந்த 'ப'வை 'பஸ்' என்பதில் வரும் 'ப' போலச் சொல்ல வேண்டும். 'பல்' என்பதில் வரும் 'ப' போலச் சொல்லக் கூடாது.

தமிழில் 'ப' என்று தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் 'ஹ' என்று தொடங்கும். பால் என்பது ஹாலு. பத்து என்பது ஹத்து. பொழுது என்பது ஹொத்து. மூன்று வேளை என்பதை 'மூரு ஹொத்து' என்பார்கள். மூன்று பொழுது என்று பிரித்துப் பார்த்தால் உடனே விளங்கும்.

இனி, ஒரு காரியம் எவ்வளவு நாளைக்கு ஒரு முறை நடக்கிறது என்று சொல்லப் பழகுவோம். இதற்கு முக்கியமான சொல் 'ஸல'. ஸல என்றால் தடவை. ஒந்து ஸல என்றால் ஒரு தடவை. எரடு ஸல என்றால் இரண்டு தடவை. மூரு ஸல என்றால் மூன்று தடவை. எஷ்டு ஸல என்று கேட்டால் எத்தனை தடவை என்று பொருள். சிலர் ஸல என்பதற்குப் பதில் ஸாரி என்பார்கள். "எரடு ஸாரி ஹேளிதெ" என்று ஒருவர் சொன்னால், அவர் இரண்டு முறை மன்னிப்புக் கேட்கவில்லை. "இரண்டு தடவை சொன்னேன்" என்கிறார். கொஞ்சம் கோபமாகவும் இருக்கலாம்.

தமிழில் 'நாளைக்கு', 'வாரத்துக்கு' என்று சொல்கிறோம். கடைசியில் 'க்கு' வருகிறது. கன்னடத்தில் அந்த இடத்தில் 'க்கெ' வரும். தினக்கெ என்றால் ஒரு நாளைக்கு. வாரக்கெ என்றால் வாரத்துக்கு. வர்ஷக்கெ என்றால் வருடத்துக்கு. இரண்டையும் சேர்த்தால் வாக்கியம் வந்துவிடும்.

தினக்கெ எரடு ஸல. ஒரு நாளைக்கு இரண்டு தடவை.
வாரக்கெ ஒந்து ஸல. வாரத்துக்கு ஒரு தடவை.
வர்ஷக்கெ ஒந்து ஸல. வருடத்துக்கு ஒரு தடவை.

பஸ்ஸுக்கும் இதே கணக்குதான். "எஷ்டு நிமிஷக்கெ ஒந்து பஸ்ஸு?" என்று கேட்கலாம். "ஹத்து நிமிஷக்கெ ஒந்து" என்று பதில் வந்தால், பத்து நிமிடத்துக்கு ஒன்று.

மைசூரில் இருப்பவர்களுக்கு இந்த வாக்கியங்களைப் பழக நல்ல வாய்ப்புகள் உண்டு. தசரா வர்ஷக்கெ ஒந்து ஸல வரும். விஜயநகர் 1ஆம் ஸ்டேஜில் யோக நரசிம்ம சுவாமி கோயில் இருக்கிறது. அங்கே புத்தாண்டு நாளில் பக்தர்களுக்கு லட்டு கொடுப்பார்கள். ஆயிரக்கணக்கில் அல்ல, லட்சக்கணக்கில். அதுவும் வர்ஷக்கெ ஒந்து ஸலதான். மைசூர் அரண்மனைக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில் விளக்கு ஏற்றுவார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் ஒரே நேரத்தில் எரியும். அரசு விடுமுறை நாள்களிலும் ஏற்றுவது உண்டு. மைசூர் மிருகக்காட்சிச் சாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இது தெரியாமல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டும்.

'ஒவ்வொரு' என்பதற்குக் கன்னடத்தில் 'ப்ரதி'. ப்ரதி பானுவார என்றால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும். ப்ரதி மங்களவார என்றால் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும். மற்ற கிழமைகளையும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஸோமவார, மங்களவார, புதவார, குருவார, சுக்ரவார, சனிவார, பானுவார.

திங்கட்கிழமைக்கு என்ன பெயர் வந்தது என்று கவனித்தீர்களா? ஸோமவார. 'திங்கள்' என்று வரவில்லை. இங்கேதான் தமிழர்கள் ஏமாறுகிறார்கள்.

கன்னடத்தில் திங்களு என்றால் மாதம். பழைய தமிழிலும் திங்கள் என்பதற்கு மாதம் என்ற பொருள் உண்டு. ஆனால் இன்றைய பேச்சில் நமக்குத் திங்கள் என்றால் கிழமைதான். ஆகவே காது நம்மை ஏமாற்றிவிடும்.

அந்தச் சேலத்துத் தாயின் மாமியாருக்கு ரத்த அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார். நர்ஸ் மாத்திரை கொடுத்துவிட்டுச் சொல்கிறார்:

"திங்களிகெ ஒந்து ஸல பன்னி அம்மா."

பன்னி என்றால் வாருங்கள். "மாதத்துக்கு ஒரு தடவை வாருங்கள்" என்கிறார் நர்ஸ். இந்தத் தாய்க்குத் 'திங்கள்' என்பது மட்டும் நன்றாகக் காதில் விழுகிறது. அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் மாமியாரை அழைத்து வருகிறார். அதற்கு அடுத்த திங்கட்கிழமையும் வருகிறார். இரண்டு நாள் கூலி போனது. பஸ் காசும் போனது. வயதானவருக்கு அலைச்சல்.

இதில் கூலியோடு போயிற்று. கிழமை என்று நினைத்ததால் அடிக்கடி வந்தார். உடம்புக்குக் கெடுதல் இல்லை. மாத்திரை விஷயத்தில் இப்படி நடந்தால் என்ன ஆகும்?

பின்வரும் இரண்டு வரிகளையும் நிதானமாகப் படியுங்கள்.

தினக்கெ எரடு ஸல.
எரடு தினக்கெ ஒந்து ஸல.

முதல் வரி, ஒரு நாளைக்கு இரண்டு தடவை. இரண்டாவது வரி, இரண்டு நாளைக்கு ஒரு தடவை. இரண்டிலும் எரடு இருக்கிறது. இரண்டிலும் தினக்கெ இருக்கிறது. எரடு எங்கே நிற்கிறது என்பதுதான் வித்தியாசம். பத்து நாள் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வரியின்படி 20 மாத்திரை. இரண்டாவது வரியின்படி 5 மாத்திரை. ஒன்று மற்றதைப் போல நான்கு மடங்கு.

சில மருந்துகளுக்கு இந்த வித்தியாசம் உயிர் போகிற விஷயம். மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. கை கால் மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதத்துக்குக் கொடுப்பார்கள். முடக்குவாதத்துக்கு இதை வாரத்தில் ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரைகளை எல்லாம் தினமும் சாப்பிட்டுப் பழகியவர்கள் இதையும் தினமும் சாப்பிட்டுவிடுவது உண்டு. அப்படிச் சாப்பிட்டால் வாய் புண்ணாகும். ரத்தத்தில் அணுக்கள் குறைந்துபோகும். இறந்தவர்களும் உண்டு. பல நாடுகளில் இது நடந்திருக்கிறது. படித்தவர்களுக்கும் நடந்திருக்கிறது.

காசநோய் மருந்தின் கதை வேறு விதம். விஜயநகர்க்காரர்கள் கேட்க வேண்டிய கதை. மைசூரில் கே.ஆர்.எஸ். சாலையில் பழைய காசநோய் ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அரசராக இருந்த காலத்தில் தொடங்கியது. அரசரின் சகோதரி கிருஷ்ணாஜம்மண்ணி காசநோயால் இறந்துபோனார். அரண்மனையில் பிறந்தவரையும் அந்த நோய் விடவில்லை. அப்போது அதற்குச் சரியான மருந்து கிடையாது. அவர் பெயரில்தான் அந்த ஆஸ்பத்திரி.

பிறகு மருந்து வந்தது. 1997இல் அரசு காசநோய்த் திட்டத்தைத் திருத்தி நடத்தத் தொடங்கியது. அப்போது நோயாளிகளுக்கு வாரத்தில் 3 நாள் மருந்து கொடுத்தார்கள். திங்கள், புதன், வெள்ளி என்பது போல. அதாவது தின பிட்டு தின. 2017 அக்டோபரில் இது மாறியது. நாடு முழுவதும் தினமும் மருந்து என்று ஆயிற்று. தின பிட்டு தின போய், தினா வந்தது.

வீட்டில் முன்பு ஒருவருக்குக் காசநோய் வந்து குணமாகி இருக்கலாம். அவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை சாப்பிட்டிருப்பார். அது அந்தக் காலத்துக்குச் சரி. இன்று அதே வீட்டில் இன்னொருவருக்கு வந்தால், "எனக்கு அப்படித்தான் கொடுத்தார்கள், நீயும் அப்படிச் சாப்பிடு" என்று அவர் சொல்லக் கூடாது. இன்று தினமும் சாப்பிட வேண்டும். சாதாரணக் காசநோய்க்குக் குறைந்தது 6 மாதம். நடுவில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அந்த மருந்து வேலை செய்யாது.

ஆகவே ஆஸ்பத்திரியிலும் மருந்துக் கடையிலும் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

"ஈ மாத்ரெ தினக்கெ எஷ்டு ஸல தகோபேக்கு?"

ஈ என்றால் இந்த. மாத்ரெ என்றால் மாத்திரை. தகோபேக்கு என்றால் எடுத்துக்கொள்ள வேண்டும். "இந்த மாத்திரையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாப்பிட வேண்டும்?" என்பது கேள்வி.

பதில் வந்த பிறகு சும்மா தலையாட்டக் கூடாது. கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கடைக்காரர் "பெளிக்கெ ஒந்து, ராத்ரி ஒந்து" என்றால், "பெளிக்கெ ஒந்து, ராத்ரி ஒந்து. மத்யான பேடா அல்வா?" என்று கேளுங்கள். பெளிக்கெ என்றால் காலை. ராத்ரி என்றால் இரவு. பேடா என்றால் வேண்டாம். "மதியம் வேண்டாம், அப்படித்தானே?" என்று கேட்கிறீர்கள். தவறாகக் கேட்டிருந்தால் அவரே திருத்துவார். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுக்கலாம். முணுமுணுக்கட்டும்.

'ஊடக்கெ முஞ்செ' என்றால் சாப்பாட்டுக்கு முன். 'ஊட ஆத மேலெ' என்றால் சாப்பிட்ட பிறகு. இவை இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொள்வது நல்லது.

டாக்டர் எழுதித் தரும் சீட்டில் இதற்கு ஒரு குறி உண்டு. அதைப் படிக்க எந்த மொழியும் வேண்டாம். எண் தெரிந்தால் போதும்.

1-0-1

முதல் எண் காலைக்கு. நடு எண் மதியத்துக்கு. கடைசி எண் இரவுக்கு. 1-0-1 என்றால் காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று. 1-1-1 என்றால் மூன்று வேளையும். 0-0-1 என்றால் இரவில் மட்டும். ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை என்பதை இந்தக் குறி சொல்லாது. அதை வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தக் கிழமை என்றும் கேளுங்கள். "யாவ வார?" என்றால் போதும்.

மாத்திரையை எண்ணிப் பார்த்தும் சரிபார்க்கலாம். பத்து நாளைக்கு என்று சொல்லி 20 மாத்திரை கொடுத்திருந்தால், பெரும்பாலும் நாளைக்கு இரண்டு. ஒரு மாதத்துக்கு என்று சொல்லி 4 மாத்திரைதான் கொடுத்திருந்தால்? அது தினமும் சாப்பிடும் மாத்திரை அல்ல. கணக்கு ஒத்துவரவில்லை என்றால் திரும்பிப் போய்க் கேட்க வேண்டும்.

இந்தத் தொல்லை தமிழர்களுக்கு மட்டும் உள்ளது அல்ல. அமெரிக்காவில் நியூயார்க் நகரம் இருக்கிறது. அங்கே பிராங்க்ஸ் என்ற பகுதியில் ஸ்பானிஷ் மொழி பேசுகிறவர்கள் நிறையப் பேர். மருந்துக் கடைகளில் கணினி வைத்து ஆங்கிலச் சீட்டை ஸ்பானிஷில் மாற்றி ஒட்டுவார்கள். மருத்துவர்கள் அந்தச் சீட்டுகளை வாங்கிச் சோதித்தார்கள். முடிவு 2010இல் வெளிவந்தது. ஏறக்குறைய பாதிச் சீட்டுகளில் தவறு இருந்தது.

அவற்றில் எல்லோரும் பயந்த சொல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'ஒரு தடவை' என்பதற்கு 'வன்ஸ்' என்பார்கள். அதே எழுத்துகளை ஸ்பானிஷ் தெரிந்தவர் 'ஒன்ஸெ' என்று படிப்பார். ஒன்ஸெ என்றால் ஸ்பானிஷில் 11. கணினி அந்தச் சொல்லை மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும்? 'நாளைக்கு ஒரு தடவை' என்பது 'நாளைக்கு 11' என்று ஆகிவிடும். விஜயநகரில் 'திங்கள்' செய்யும் வேலையை அங்கே 'வன்ஸ்' செய்கிறது.

ஸ்பானிஷில் ஒரு தடவைக்கு 'ஊனா வெஸ்' என்று பெயர். நாளைக்கு ஒரு தடவை என்றால் 'ஊனா வெஸ் அல் தியா'. நாம் நாளை முதலில் சொல்லித் தடவையைப் பிறகு சொல்கிறோம். அவர்கள் தடவையை முதலில் சொல்லி நாளைப் பிறகு சொல்கிறார்கள். நாம் கற்கும் கன்னடத்தில் இந்த மாற்றம் கூட இல்லை. தமிழில் எந்த வரிசையோ அதே வரிசை.

எண் இல்லாத சொற்களும் உண்டு. அவற்றைப் பேச்சில் நிறையக் கேட்பீர்கள். யாவாகலூ என்றால் எப்போதும். ஆகாக என்றால் அவ்வப்போது. கெலவு ஸல என்றால் சில தடவை. அபரூபக்கெ என்றால் அபூர்வமாக, எப்போதாவது. யாவத்தூ இல்ல என்றால் ஒருபோதும் இல்லை.

"நீவு ஊரிகெ ஹோக்தீரா?" என்று அஜ்ஜி கேட்கிறார். நீங்கள் ஊருக்குப் போவீர்களா?

"ஆகாக ஹோக்தீனி அஜ்ஜி" என்று சொல்லலாம். அவ்வப்போது போவேன் பாட்டி. இது போதும். அஜ்ஜி கணக்குக் கேட்கவில்லை.

ஆனால் டாக்டர் கேட்டால் இது போதாது. "தலெநோவு ஆகாக பருத்தெ" என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது. அவ்வப்போது என்றால் ஒருவருக்கு மாதத்தில் ஒரு தடவை. இன்னொருவருக்கு நாளில் இரண்டு தடவை. தலைவலியோ, மயக்கமோ, குழந்தையின் வயிற்றுப்போக்கோ, எண்ணோடு சொல்ல வேண்டும். "வாரக்கெ மூரு ஸல தலெநோவு பருத்தெ" என்று சொன்னால் டாக்டர் உடனே நிமிர்ந்து பார்ப்பார். வீட்டுக் காலண்டரில் வலி வந்த நாளில் ஒரு கோடு போட்டு வைத்தால் எண்ணுவது எளிது. எழுதப் படிக்கக் கற்ற கைக்கு அது பெரிய வேலை அல்ல.

கூலிக்கும் எண் வேண்டும். வேலைக்குச் சேரும்போது "கூலி யாவாக கொடுத்தீரா?" என்று கேளுங்கள். கூலி எப்போது கொடுப்பீர்கள் என்று பொருள். "ஆகாக" என்று பதில் வந்தால் அந்த வேலையைப் பற்றி யோசிக்க வேண்டும். "வாரக்கெ ஒந்து ஸல, ப்ரதி சனிவார" என்று வந்தால் கிழமையும் தெரிந்துவிட்டது. சிலர் "ஹதினைது தினக்கெ ஒந்து ஸல" என்பார்கள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை.

இப்போது கீழே உள்ளதை இருவராக உட்கார்ந்து படியுங்கள். ஒருவர் மருந்துக் கடைக்காரர். மற்றவர் மருந்து வாங்க வந்தவர்.

"அண்ணா, ஈ மாத்ரெ தினக்கெ எஷ்டு ஸல தகோபேக்கு?"

"தினா அல்லம்மா. வாரக்கெ ஒந்து ஸல மாத்ர."

"வாரக்கெ ஒந்து ஸல. யாவ வார அண்ணா?"

"ப்ரதி புதவார. ஊட ஆத மேலெ."

"ப்ரதி புதவார, ஊட ஆத மேலெ ஒந்து. பேரெ தின பேடா அல்வா?"

"பேடா, பேடா. மத்தெ திங்களிகெ ஒந்து ஸல டாக்டரன்ன நோடி."

அல்ல என்றால் இல்லை. மாத்ர என்றால் மட்டும். பேரெ தின என்றால் வேறு நாள். மத்தெ என்றால் அப்புறம். நோடி என்றால் பாருங்கள். கடைசி வரியில் 'திங்களிகெ' வந்திருக்கிறது. டாக்டரைப் பார்க்க எத்தனை நாளைக்கு ஒரு முறை போக வேண்டும்? புதன்கிழமைகளில் சாப்பிடும் அந்த மாத்திரை ஒரு மாதத்துக்கு எத்தனை வேண்டும்? காலண்டரைப் பார்த்து எண்ணிச் சொல்லுங்கள்.